லீமா அக்கா கொடுத்த ஒன்பது

எங்கள் பாண்டுங் நகரத்தில் வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போட்டுப் பிழைக்கிறவர்கள் பலர் உண்டு. அவர்களில் வாசகர்கள் பட்டப்பெயர் வைத்துத் திட்டும் அளவுக்கு உயர்ந்தவள் இமாஸ் ரோஹாயாத்தி ஒருத்திதான். 'லீமா அக்கா' என்பார்கள். லீமா என்றால் இந்த ஊர்ப் பேச்சில் ஐந்து. பத்துக்கு ஐந்து. அதற்கு மேலே அவள் கையிலிருந்து ஓர் எண் விழுவது அபூர்வம்.

மற்ற விமர்சகர்களின் கணக்கே வேறு. அவர்களிடம் ஏழு என்றால் படுமோசம், எட்டு என்றால் பரவாயில்லை, ஒன்பது என்றால் பக்கத்துப் பத்தியில் அதே கேமின் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒன்றிலிருந்து ஆறு வரையுள்ள எண்கள் எதற்கு இருக்கின்றன என்று அந்தத் தொழிலில் யாரும் கவலைப்பட்டதில்லை. இமாஸ் அந்த ஏழை எண்களையும் மதித்தாள். சுமாரான கேமுக்குக் கூசாமல் ஐந்து போட்டாள். "ஏன் அக்கா இப்படி மார்க்ல கஞ்சத்தனம்?" என்று யாராவது கேட்டால், "அஞ்சுன்னா பாதி. பாதி நல்லா இருக்குன்னுதானே சொல்றேன், அதுல உங்களுக்கு என்ன கோவம்?" என்பாள்.

அவள் வேலை செய்கிற விதமும் தனி. சிச்சாடாஸ் பகுதியில் ஓடாங் மாமா என்பவர் மணிக்கணக்கில் கேம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். வரிசையாகத் தொலைக்காட்சிகள், கீழே பாய், மூலையில் ஒரு அடுப்பு, நூடுல்ஸ் கொதிக்கிற வாசனை. இமாஸ் புதுக் கேமைக் கொண்டுவந்து, வாடிக்கையாளர் எவராவது ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துவிடுவாள். திரையைப் பார்க்க மாட்டாள். விளையாடுகிறவரின் முகத்தைப் பார்ப்பாள். எங்கே திட்டுகிறார், எங்கே நூடுல்ஸை மறந்துபோகிறார், எங்கே கொட்டாவி விடுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவாள். "நான் விளையாடினா எனக்கு எல்லாம் சுலபம். தொழிலாப் போச்சு. அவங்க முகம்தான் எனக்குத் தராசு" என்பது அவள் வாதம். ஓடாங் மாமாவுக்கு அதில் பெருமை தாங்காது. தன் கடைக்கு எந்தக் கேம் வாங்குவது என்பதை அவர் இமாஸைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். அவள் ஆறு என்று சொன்னால் வாங்குவார், ஐந்து என்றால் யோசிப்பார், நான்கு என்றால் அந்தப் பெயரையே கடையில் யாரும் எடுக்கக்கூடாது.

இமாஸின் அப்பா தர்ஸா, சிச்சாஹேமிலிருந்து லெடெங் வரை ஆங்கோட் வண்டி ஓட்டியவர். ஆங்கோட் என்றால் பச்சை நிறத்தில் ஒரு குட்டி வேன். ஒரு பக்கப் பலகையில் ஏழு பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர் முழங்கால் இடிக்க உட்கார வேண்டும் என்பது சட்டத்தில் இல்லாத சட்டம். சில்லறை இல்லாமல் தவிக்கிறவர்களைப் பார்த்தால் தர்ஸா கையை உதறி, "இறங்கு, இறங்கு. நாளைக்கும் இதே வண்டிதான்" என்பார். அந்த நாளை பெரும்பாலும் வராது. அவரும் எதிர்பார்க்க மாட்டார். அவர் இறந்த அன்று வீட்டுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் யாரென்றே இமாஸுக்குத் தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று அவள் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியவன் குங்குன்.

குங்குன் குனாவான் அவளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியவன். அப்போது இருவரும் ஓர் அச்சுப் பத்திரிகையில் இருந்தார்கள். அவன் வேடிக்கைப் பேச்சுக்காரன். அவளைவிட ஒரு வயது மூத்தவனாக இருந்தும், ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால் மட்டும் அவளை 'அக்கா' என்பான். "அக்கா, என் பங்கு கட்டுரையையும் நீயே முடிச்சுடேன்" என்பான். இவளும் சிரித்துக்கொண்டே முடித்துக் கொடுப்பாள். அப்படி ஒரு சிநேகம்.

ஒருமுறை இமாஸ் ஒரு பெரிய கால்பந்துக் கேமுக்கு ஐந்து போட்டுவிட்டாள். விற்பனை நிறுவனத்து ஆட்கள் பளபளப்பான சட்டையோடு வந்து, அதை ஏழாக்க முடியுமா என்று ஆசிரியரைக் கேட்டார்கள். ஆசிரியர் ஹெர்லம்பாங் நல்ல மனிதர்தான், ஆனால் பளபளப்பான சட்டைக்குப் பயப்படுவார். இமாஸ் எழுந்து நின்று முடியாது என்றாள். அவளுக்கு முன்னால் குங்குன் எழுந்து நின்றிருந்தான். அன்றைக்கு இருவரும் சேர்ந்து ஆசிரியரிடம் ஒரு விதி வாங்கினார்கள். போட்ட மதிப்பெண்ணைப் பிறகு ஏற்றக்கூடாது என்று இமாஸ் சொன்னாள். குங்குன்தான் திருத்தினான்.

"ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாதுன்னு போடு. அப்பதான் நியாயமா இருக்கும். இல்லேன்னா நாமளே பழிவாங்கறதுக்கு எறக்குவோம்னு சொல்லுவாங்க."

சரியான பேச்சு. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பத்திரிகை மூடி, அதே ஹெர்லம்பாங் இணையதளம் தொடங்கியபோதும் அந்த விதி கூடவே வந்தது. ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் அந்த வரி இருக்கும்: போட்ட மதிப்பெண் போட்டதுதான், ஏறாது, இறங்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இமாஸுக்கு நெஞ்சு நிமிரும்.

குங்குன் இணையதளத்துக்கு வரவில்லை. இந்த ஊரிலேயே 'மாலைப்பனி' என்று ஒரு சின்ன நிறுவனம் கேம் செய்யத் தொடங்கியிருந்தது. அங்கே விமர்சகர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். போகிற அன்று, "இனிமே உனக்கு எதிர்ப்பக்கத்துல உக்காருவேன், அவ்வளவுதான். பலகை அதேதான்" என்றான். ஆங்கோட் ஓட்டியவர் மகளிடம் இதைச் சொன்னால் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். பிடித்தது.

சில வருடங்கள் கழித்து மாலைப்பனி நிறுவனத்தின் பெரிய கேம் தயாரானது. பெயர் 'கடைசி நிறுத்தம்'. நீங்கள் ஒரு ஆங்கோட் ஓட்டுநர். எப்போதும் மக்ரிப் வேளை, பொழுது சாய்ந்து தொழுகைக்கு அழைக்கிற நேரம். பிள்ளைகளை அம்மாக்கள் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிற அந்த நேரத்தில், வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருப்பவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டால் இறங்கும்போது ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு டயர், ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி. அதை வைத்து வண்டியைச் சீராக்கி அடுத்த மலைச்சரிவு ஏற வேண்டும். அவ்வளவுதான் கேம். கேட்பதுதான் வேலை.

விமர்சனத்துக்கான பிரதியைக் குங்குனே அனுப்பினான். வெளியீட்டு நாள் வரை வேறு யாருக்கும் காட்டக்கூடாது என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். ஆனால் அதனால் இமாஸால் கேமை ஓடாங் மாமா கடைக்குக் கொண்டுபோக முடியவில்லை.

"என்கிட்டகூட காட்ட மாட்டியாம்மா?" என்று அவர் குறைப்பட்டார்.

"கையெழுத்து போட்டுட்டேன் மாமா."

"என் கடைல யாரு வெளிய சொல்லப்போறான்? இங்க வர்றவனுக்கு நூடுல்ஸ் ஆறிப்போறதே தெரியாது."

அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டில் தனியாக உட்கார்ந்து விளையாடினாள். எதிரே முகம் இல்லை. தராசு இல்லாமல் நிறுத்த முதல் கேம் அது.

நல்ல கேம். உண்மையிலேயே நல்ல கேம். அதனாலேயே அவளுக்கு ஒரு பயம் வந்தது. இப்போதெல்லாம் முழு விலை கொடுத்து வாங்கிய கேமுக்குள்ளேயே இன்னொரு கடையைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். நாலு மணி நேரம் பாடுபட்டால் கிடைக்கும் டயரைக் காசு கொடுத்தால் நொடியில் தருவார்கள். காசு கொடுக்க வைப்பதற்காகவே பாடுபடுகிற நேரத்தை இழுத்து இழுத்து வைப்பார்கள். இமாஸ் ஐந்து போட்டவற்றில் பாதிக்கு மேல் இந்தக் கடைகளுக்காகப் போட்டதுதான். குங்குனுக்கு போன் செய்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உள்ள கடை இருக்கா?"

"நீதான் பாதிக்கு மேல முடிச்சுட்டியே. எங்கயாவது கண்ணுல பட்டுச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன."

இல்லை என்று அவன் சொல்லவில்லை. வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் இமாஸ் விட்டிருக்க மாட்டாள். நோண்டி நோண்டிக் கேட்டு வாயைப் பிடுங்கியிருப்பாள். பேசியது குங்குன். அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள்.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பழைய ஓட்டுநர் வந்தார். கேமில், மலைமேல் ஒரு வளைவில், பழுதான வண்டியின் பக்கத்தில் ஒரு கிழவர் நிற்பார். தோளில் துண்டு. இமாஸ் வண்டியை நிறுத்தினாள். கிழவர் அவள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வண்டியிலிருந்து ஒரு டயரைக் கழற்றி உருட்டிவிட்டார். என்ன தர வேண்டும் என்று கேட்கும் பொத்தானை இமாஸ் அழுத்தினாள். கிழவர் கையை உதறினார்.

"இறங்கு, இறங்கு. நாளைக்கும் இதே வண்டிதான்."

இமாஸ் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். கை உதறல்கூட அப்படியே இருந்தது. பிறகு குங்குனைப் போனில் கூப்பிட்டாள். அவள் மூக்கை உறிஞ்சுவதைக் கேட்டதுமே அவன் புரிந்துகொண்டான்.

"பாத்துட்டியா? உங்கப்பாவ நான் மறக்கல இமாஸ்."

அவள் ஒன்பது போட்டாள். வாழ்நாளில் முதல் ஒன்பது. அழுததற்காகப் போடவில்லை என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். விமர்சனத்தின் கடைசியில் இப்படி எழுதினாள்: 'இந்த வண்டியில் எதுவும் விற்பனைக்கு இல்லை. அதனால்தான் இதில் ஏறச் சொல்கிறேன்.'

அந்த ஒன்பது ஊரைக் கலக்கியது. லீமா அக்காவே ஒன்பது போட்டுவிட்டாள் என்ற செய்தி கேமைவிட வேகமாகப் பரவியது. ஏழு போட்டு வைத்திருந்த மற்ற விமர்சகர்கள் நமக்குத்தான் ரசனை போதவில்லையோ என்று பயந்து, வெளியிடுவதற்கு முன் எட்டாக்கினார்கள். எல்லா விமர்சனங்களின் சராசரியும் எகிறியது. ஓடாங் மாமா கேள்வியே கேட்கவில்லை. கடையில் திரைக்கொன்றாக வாங்கிப் போட்டார். முதல் வாரம் அவர் கடையில் சத்தமே இல்லை. வாடிக்கையாளர்கள் பேய்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். இமாஸ் அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, எடை சரிதான் என்று வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் கேமுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. எல்லாக் கேமுக்கும் வருவதுதான். சின்னச் சின்னக் குறைகளைச் சரிசெய்திருக்கிறோம் என்று போட்டிருந்தார்கள்.

இமாஸ் கடைக்குள் நுழைந்தபோது வழக்கமான சத்தம் திரும்பியிருந்தது. நல்ல சத்தம் இல்லை. தொப்பி போட்ட ஒரு மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அரை மணி நேரம் ஒரு பேயோட கதையக் கேட்டேன். முழுசாக் கேட்டேன். எறங்கறப்ப ஒரு ஆணி குடுத்துட்டுப் போகுது. ஒரு ஆணி. போன வாரம் டயர் குடுத்த பேய்தான் இது."

"கிழவர்கிட்ட போங்க," என்றாள் இமாஸ். "மலைமேல இருக்காரே. அவர் சும்மா தருவார்."

"அவர்கிட்டதான் போறேன் பாருங்க."

வளைவில் கிழவர் நின்றார். அதே துண்டு, அதே பழைய வண்டி. ஆனால் வண்டியின் பக்கவாட்டுக் கதவு மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே அடுக்கடுக்காக டயர், விளக்கு, கண்ணாடி. ஒவ்வொன்றின் கீழும் விலை. நிஜக் காசு. மோட்டார் சைக்கிள்காரர் எதையும் வாங்காமல் வெளியேறும் பொத்தானை அழுத்தினார். கிழவர் கையை உதறினார்.

"இறங்கு, இறங்கு. நாளைக்கும் இதே வண்டிதான்."

கடன் சொன்னவனைத் தவிக்கவிடாமல் இறக்கிவிட்ட வார்த்தை, வாங்காமல் போகிறவனை மறுநாள் வரச்சொல்லிக் கூப்பிடுகிற வார்த்தையாகிவிட்டது. குரலில்கூட மாற்றம் இல்லை. யாரோ அவள் அப்பாவைத் தட்டி எழுப்பி, சட்டை மாட்டிவிட்டு, கடை வாசலில் நிற்க வைத்ததுபோல் இருந்தது.

"இந்த ஆளு பெரிய வியாபாரி," என்றார் மோட்டார் சைக்கிள்காரர். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓடாங் மாமா சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் இமாஸ் மாலைப்பனி அலுவலகத்துக்கு எதிரே இருந்த தள்ளுவண்டியில் குங்குனைப் பிடித்தாள். அவன் தட்டில் அரிசிக்கட்டியும் வறுத்த டோஃபுவும் கடலைச் சாறும் இருந்தன. அவளைப் பார்த்ததும் பக்கத்து ஸ்டூலைத் துடைத்தான்.

"வா அக்கா, உக்காரு. உனக்கும் ஒரு தட்டு சொல்லவா?"

அக்கா என்றதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்காரவில்லை.

"நான் அன்னைக்குக் கேட்டேனே. கடை இருந்துச்சா, இல்லையா?"

"உனக்கு அனுப்புன பிரதில இல்ல."

"நான் பிரதியப் பத்திக் கேக்கல."

குங்குன் கரண்டியைக் கீழே வைத்தான். "இருந்துச்சு. மூடி வெச்சிருந்தோம். விமர்சனமெல்லாம் வந்தப்பறம் தொறக்கறதுன்னு மொதல்லயே முடிவு. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க இமாஸ், உனக்குத் தெரியாததா."

"எல்லாரும் பண்றாங்கன்னு எனக்குத் தெரியும். நீ பண்ணுவேன்னு தெரியாது."

"அங்க முப்பது பேரு இருக்கோம். முதலீட்டுக்காரனுக்குக் கதையும் தெரியாது, பேயும் தெரியாது. சராசரி எவ்வளவு, அதத்தான் கேப்பான். அது எட்டுக்குக் கீழ போனா கதவ இழுத்துச் சாத்துறேன்னுட்டான். நான் என்ன செய்யட்டும்?"

"என்கிட்ட வந்து இதச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ அஞ்சு போட்டிருப்ப."

அது உண்மை. இருவருக்கும் தெரியும்.

"அதனாலதான் எங்கப்பாவ உள்ள வெச்சியா?" என்றாள் இமாஸ்.

"அது அப்படி இல்ல. அவர் மேல எனக்கும் மரியாதை உண்டு. எழுதறவங்ககிட்ட நான்தான் சொன்னேன், இப்படி ஒருத்தர் இருந்தாருன்னு."

"சொன்னே. சரி. நல்ல மனுசன் ஒருத்தர் சும்மா டயர் குடுக்கறார்னு எழுதுனாங்க. அப்பறம் அவரக் கடைக்காரராக்கினது யாரு?"

குங்குன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்தக் கிழவர் மொதல்லேருந்தே கடைக்காரர்தான் இமாஸ். கடை மூடியிருந்ததால விலை தெரியல. அதனால சும்மா குடுத்துட்டிருந்தாரு."

இமாஸ் அழுதது ஒரு கருணைக்காக இல்லை. விலைச்சீட்டு ஒட்டாத ஒரு சாமானுக்காக. அதைத் தெரிந்துகொண்டே இவன் போனில், 'உங்கப்பாவ நான் மறக்கல' என்று சொல்லியிருக்கிறான். வாய் கூசவில்லை.

"மார்க்கக் கொறைக்கப் போறேன்," என்றாள்.

குங்குன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்படிக் கொறைப்ப? விதி இருக்கே. ஏறாது, எறங்காது."

அந்த 'இறங்காது' அவன் சேர்த்ததுதான். அன்று அவன் யோக்கியமாகத்தான் சேர்த்தான். அதில் சந்தேகம் இல்லை. யோக்கியமாகப் போட்ட பூட்டுக்கு இன்னொரு சாவி தன்னிடம் இருப்பது பின்னால்தான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும். இமாஸ் நடக்கத் தொடங்கினாள். அவன் "அக்கா" என்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

ஹெர்லம்பாங்கிடம் போய் நின்றாள். அவர் கையைப் பிசைந்தார்.

"நீ சொல்றது நியாயம்மா. ஆனா நானும் எத்தனை பேருக்கு இந்த விதியக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கேன். இன்னைக்கு உனக்காக ஒன்பத நாலாக்கினா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து நாலை ஒன்பதாக்குன்னு உக்காருவான். அன்னைக்கு நீயே என்னைத் திட்டுவ."

"ஏமாத்தி வாங்கின மார்க் சார் அது."

"அடில எழுதிக்க. எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்க. நம்பரத் தொடாத."

எழுதினாள். தான் ஏமாந்த கதையை மறைக்காமல், பூசி மெழுகாமல், விமர்சனத்துக்கு அடியில் எழுதினாள். வாங்காதீர்கள் என்று எழுதினாள். நன்றாகவும் எழுதியிருந்தாள். ஆனால் எண்ணைப் பார்க்க வருகிறவர்கள் எண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடி வரை போய் வாசித்தவர்கள் சிலர். அவர்களிலும் பாதிப் பேர், ஊர் சிரித்த பிறகு நல்ல பிள்ளை வேஷம் போடுகிறாள் என்றார்கள். 'எவ்வளவு வாங்கினாய் லீமா?' என்று ஒருவர் எழுதியிருந்தார். இத்தனை வருடம் கொடுக்காமல் கொடுக்காமல் அவள் சேர்த்து வைத்திருந்த பேரை, குங்குன் ஒரே வாரத்தில் செலவழித்து முடித்துவிட்டான்.

அதெல்லாம்கூடப் போகட்டும். முகம் தெரியாதவர்கள். இமாஸ் பயந்தது ஓடாங் மாமாவின் முகத்துக்கு. சில நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, பிறகு பொரித்த தின்பண்டம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனாள். பாதித் திரைகள் அணைந்திருந்தன. மணிக்குக் காசு கொடுத்து உட்காருகிறவர்கள், அந்த ஒரு மணி நேரத்தையும் ஒரு டயருக்காகக் காத்திருந்தே கழிக்க விரும்பவில்லை. வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

"மாமா, என் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா." அவர் அவளுக்கும் ஒரு பாயை உதறிப் போட்டார். பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தார். "நீ வேணும்னு செய்வியா? உன்னை எவனோ ஏமாத்திட்டான். எனக்குத் தெரியாதா."

அவளுக்கு உயிர் வந்தது. பையிலிருந்து அடுத்த வாரம் விமர்சனம் செய்ய வேண்டிய கேமை எடுத்தாள். "இது நேத்துதான் வந்துச்சு. யார் கையிலயாவது குடுத்துப் பாக்கலாமா? எனக்கு நல்லா இருக்கற மாதிரிதான் தோணுது. நீங்க வாங்கலாம்னு..."

"நீ பாரும்மா. தாராளமாப் பாரு." ஓடாங் மாமா சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவர் கண்ணாடி போட்டு அவள் பார்த்ததே இல்லை. "கடைக்கு வாங்கறத மட்டும் இனிமே நானே வெளையாடிப் பாத்து வாங்கிக்கறேன்."

அன்போடுதான் சொன்னார். இமாஸ் கேமைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். வேலை இருக்கிறது என்று எழுந்துகொண்டாள்.

சாலைக்கு வந்து வீட்டுக்குப் போக ஆங்கோட்டுக்காக நின்றாள். சிச்சாஹேம் - லெடெங் வண்டி வந்து நின்றது. அதன் பின்கண்ணாடி முழுக்க 'கடைசி நிறுத்தம்' விளம்பரம் ஒட்டியிருந்தது. மூடுபனி, பச்சை வண்டி, துண்டு போட்ட கிழவர். அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஓர் ஒன்பது. கீழே: 'லீமா அக்காவே கொடுத்தது.'

இமாஸ் ஓட்டுநரின் ஜன்னலுக்குப் போனாள். "அண்ணே, பின்னாடி ஒட்டியிருக்கே, அதக் கிழிச்சிடலாமா?"

"கிழிச்சா எனக்குக் காசு குடுத்தவன் சும்மா இருப்பானா? மாசக் கடைசி வரைக்கும் இருக்கணும். ஏறுறதுன்னா ஏறு அக்கா."

அவள் ஏறவில்லை. வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி வந்தது. அதன் முதுகிலும் அதே ஒன்பது. அதற்கடுத்த வண்டியிலும். அவள் வீட்டுக்கு வேறு தடம் கிடையாது. அப்பா ஓட்டிய தடம் என்பதாலேயே அந்தத் தெருவில் வீடு பிடித்திருந்தாள்.

ஏறினாள். "நகருங்க, நகருங்க, ஏழு பேரு" என்றார் ஓட்டுநர். எல்லோரும் நகர்ந்து நகர்ந்து, இமாஸை உள்கோடியில், பின்கண்ணாடியோடு ஒட்டி உட்கார வைத்தார்கள். அந்த மாதிரி விளம்பரத் தாளில் ஊசித் துளைகள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் படம் தெரியும். உள்ளிருந்து பார்த்தால் படம் தெரியாது, தெரு தெரியும்.

சந்திப்பில் சிவப்பு விளக்கு. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டியவர் நடுத்தர வயதுக்காரர், பின்னால் மனைவி. இருவரும் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்கள். இமாஸின் முகத்துக்கு நேரே, ஒரு முழம் தூரத்தில், அவர்கள் கண்கள் அவள் எண்ணின் மேல் மேலும் கீழுமாக ஓடின. மனைவி ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார்.

"வாங்காதீங்க," என்றாள் இமாஸ்.

பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, கூடையை மடிமேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். இமாஸ் கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினாள். வெளியே இருந்த இருவருக்கும் கேட்கவில்லை. அவர்கள் இன்னும் அவளைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்க்கிறோம் என்று தெரியாமல். பச்சை விளக்கு விழுந்தது. மோட்டார் சைக்கிள் ஆங்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.